காந்தள் வீட்டுக்கு வந்த வழி

காட்டுச் செடியைக் கொண்டுவந்து வீட்டில் நட்ட செய்தி தமிழில் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், குறுந்தொகையின் 361ஆம் பாட்டைக் காட்டுவேன். கபிலர் பாடியது. கல்யாணம் கூடிவந்த சமயத்தில், இத்தனை நாள் எப்படிப் பொறுத்திருந்தாய் என்று வியக்கும் தோழிக்குத் தலைவி பதில் சொல்கிறாள். அவன் மலையில் சாயங்காலம் மழை பெய்கிறது. காலையில் ஆற்று வெள்ளத்தோடு ஒரு காந்தள், கிழங்கும் தண்டுமாக, ஊர்ப்பக்கம் வந்து சேர்கிறது. அவன் மலைச் செடி அல்லவா? இலையெல்லாம் துவண்டுபோகிற அளவுக்கு அதைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு வீட்டுக்கு எடுத்துப்போய் நட்டு வைக்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குக் கைம்மாறாக மேலுலகத்தையே கொடுத்தாலும் போதாது என்கிறாள் மகள்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். பிறந்தது தாராபுரத்துக்குக் கிழக்கே மூலனூர்ப் பக்கம், மானாவாரிக் காடு வைத்திருந்த வீட்டில். இந்தப் பாட்டை எல்லோரும் தலைவியின் ஏக்கத்துக்காகப் படிக்கிறார்கள். எனக்கு அம்மாதான் முக்கியம். அவள் ஏன் தடுத்திருக்கலாம், ஏன் தடுக்கவில்லை என்று யோசித்தால், இந்தப் பூ நம் வீடுகளுக்குள் வராமல் இத்தனை காலம் வாசலோடு நின்றுபோன வரலாறு பிடிபடும்.

தடுக்க அவளுக்கு இரண்டு காரணம் உண்டு. மகள் மெலிந்து போனால் முருகு அணங்கியதோ என்று முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவது அந்தக் கால வழக்கம். வேலன் சூடி ஆடுகிற பூ காந்தள். தொல்காப்பியம் அந்த ஆட்டத்தையே காந்தள் என்ற பெயரில் ஒரு துறையாக வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட பூவை வயசுப்பெண் வீட்டில் நட்டால் அக்கம்பக்கத்துக்குப் பேச்சு கிடைக்கும். இரண்டாவது காரணம் விஷம். காந்தளின் கிழங்கு, தண்டு, இலை, விதை எல்லாவற்றிலும் விஷம் உண்டு. கிழங்கில் ஒரு துண்டு போதும், ஆளைக் கொல்ல. சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று இறந்தவர்களைப் பற்றி இந்தியாவிலும் இலங்கையிலும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள இதைத் தேடிப் போனவர்களும் உண்டு. இத்தனையும் தெரிந்த தாய் மகளுக்காகப் பேசாமல் இருந்தாள். கபிலர் அவளுக்கு மேலுலகத்தைக் கொடுத்தது சும்மா அல்ல.

செடியைப் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். காந்தள் கொடிதான், ஆனால் அவரையைப் போலத் தண்டால் சுற்றி ஏறாது. ஒவ்வொரு இலையின் நுனியும் நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். அந்த இலை நுனிகளால் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு ஏறும். பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கி நிற்கும், ஓரமெல்லாம் நெளிவு. விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக மாறும். நாளாக ஆக முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒரே நேரத்தில் இருக்கும்.

கிழங்குதான் இந்தச் செடியின் சூட்சுமம். ஏர்க்கலப்பைபோல இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். அதனால்தான் வைத்தியர்கள் கலப்பைக் கிழங்கு என்றார்கள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அந்த நுனி உடைந்தால் கிழங்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் முளைக்காது. மழை முடிந்து காய் முற்றியதும் மேலே இருக்கிற கொடி காய்ந்து போகும். பழைய கிழங்கு வற்றி, அதன் இடத்தில் புதிய கிழங்கு ஊறியிருக்கும். கோடை முழுக்க மண்ணுக்குள் உறக்கம். அடுத்த மழைக்கு எழும். செடி தூங்குகிற சமயத்தில் யார் வேண்டுமானாலும் கிழங்கைத் தோண்டி எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். வெள்ளம் கொண்டுவந்ததும் அதனால்தான். பின்னால் வியாபாரி கொண்டுபோனதும் அதனால்தான்.

சங்கப் பாட்டுகளில் காந்தளுக்குக் குறைவே இல்லை. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் அருவியில் ஆடிவிட்டுப் பறித்துப் பாறையில் குவித்த 99 பூக்களைக் கபிலர் அடுக்குகிறாரே, அந்த வரிசையில் முதல் பூ இதுதான். மலைபடுகடாத்தில் ஒரு பருந்து காந்தள் மொட்டை இறைச்சி என்று நினைத்துத் தூக்கிப் போகிறது. தின்னப் பார்த்து, இது இறைச்சி இல்லை என்று உதறுகிறது. பாறை முழுக்கச் சிவப்பு இதழ். திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் காந்தள் கண்ணி. அதை வண்டு மொய்க்காது என்று நக்கீரர் சொல்கிறார். உரையாசிரியர்கள் அதற்குத் தெய்வத் தன்மையைக் காரணம் காட்டுவார்கள். இதே செய்திக்கு என் தம்பியின் வயலில் இன்னொரு காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இவ்வளவு பாடப்பட்ட பூ வீட்டுக்குள் வரவில்லை. நம் ஊர்களில் வீட்டுத் தோட்டம் என்றால் தலைக்கு மல்லி, முல்லை. சாமிக்கு அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை. மருந்துக்குத் துளசி, ஆடாதோடை. காந்தளுக்கு மணம் கிடையாது. சரமாகத் தொடுக்க வராது. தின்னக் கூடாது. வாசல் அருகே வைத்தால் பிள்ளைகள் வாயில் வைத்துவிடுமோ என்ற பயம். அதை உற்றுப் பார்த்தால் கண் வலி வரும் என்று ஒரு நம்பிக்கை வேறு. எங்கள் பக்கத்தில் அதற்குக் கண்வலிப் பூ என்றுதான் பெயர். விஷச் செடியிடம் பிள்ளைகளை அண்டவிடாமல் வைக்க, யாரோ ஒரு புத்திசாலிக் கிழவி கிளப்பிவிட்ட கதையாகத்தான் அது இருக்க வேண்டும்.

ஆனாலும் அதை யாரும் பிடுங்கி எறியவில்லை. அதற்கு ஓர் இடம் கொடுத்தார்கள்: வேலி.

கொங்கு நாட்டின் வறண்ட பகுதியைப் பார்த்தவர்களுக்குக் கிளுவை வேலி தெரியும். காங்கயம், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி வரைக்கும் கொறங்காடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட காடு. கீழே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், நாலு பக்கமும் முள்கிளுவை வேலி. காங்கயம் மாடு இப்படிப்பட்ட காட்டில் வளர்ந்த மாடு. கிளுவையைப் போத்து வெட்டி வரிசையாக நட்டு வைத்தால் போதும். வேர் பிடித்து, கிளை ஒன்றோடொன்று பின்னி, ஆடு நுழைய முடியாத சுவராகிவிடும். வருஷம் தவறாமல் கழித்துவிட வேண்டும். நன்றாகப் பராமரித்த வேலி தாத்தா காலத்திலிருந்து பேரன் காலம் வரைக்கும் நிற்கும்.

இந்த வேலிக்குள் ஒரு தனி உலகம் இருந்தது. பிரண்டை, கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி, தண்ணீர்விட்டான், குன்றிமணி என்று ஏறாத கொடி இல்லை. இதில் எதையும் யாரும் நட்டதில்லை. குருவி எச்சத்திலும் காற்றிலும் மழைத் தண்ணீரிலும் வந்தவை. ஆவணி, புரட்டாசியில் கிளுவைத் தூரிலிருந்து காந்தள் முளை வெளியே வரும். ஒரு முழம் வரைக்கும் நேராக நிமிர்ந்து வளரும். பிறகு இலை நுனி கிளுவை முள்ளைத் தேடிப் பிடிக்கும். முள்ளுக்கு நடுவே இருப்பதால் மாட்டின் வாய் எட்டாது. பிள்ளைகளின் கையும் எட்டாது. ஐப்பசி, கார்த்திகையில் வேலியின் தலையில் பூ எரியும். காவலுக்கு முள், ஏறக் கொம்பு, காலடியில் நிழல், தலைக்கு வெயில்: காட்டில் இந்தச் செடிக்கு என்ன கிடைத்ததோ அத்தனையும் வேலியிலும் கிடைத்தது.

என் அமுச்சியின் (அம்மாவின் அம்மா) ஊரில் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வேலி கழிக்கிற ஆள் அரிவாளோடு வந்தால், பச்சையாக இருக்கிற கண்வலிக் கொடியை வெட்டக் கூடாது. காயட்டும் என்று விட வேண்டும். கிழங்கை மருந்துக்குத் தவிர வேறெதற்கும் தோண்டக் கூடாது. மருந்து என்றால் பெரும்பாலும் பிரசவம். வலி எடுத்தும் பிள்ளை வராமல் தாமதமானால், கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றியும் உள்ளங்காலிலும் பூசுவார்கள். பிள்ளை வெளியே வந்த மறுநிமிஷம் துடைத்துக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் தாய்க்கு ஆபத்து என்பார்கள். உள்ளுக்குக் கொடுக்கிற சித்த வைத்தியர்கள் மோரில் ஊறப்போட்டுச் சுத்தி செய்த பிறகே கையில் எடுப்பார்கள். இன்றைக்கு இதில் எதையும் யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. அந்தக் காலத்துப் பெண்கள் அந்தக் கிழங்கிடம் எவ்வளவு மரியாதையோடு நடந்துகொண்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். "தொட்ட கைய வாயில வெக்காத, கழுவிப்போட்டு வா" என்று அமுச்சி அதட்டுவது வேலியோரம் போய்வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது.

ஈழத்திலும் இது வேலிப் பூவாக இருந்ததுதான். அங்கே பெயர் கார்த்திகைப் பூ. பூக்கும் மாதமே பெயராகிவிட்டது. போர் அதை இறந்தவர்களை நினைக்கிற பூவாக்கியது. அந்த மாதத்தில் அதைக் கையில் ஏந்துவதற்கே அங்கே தைரியம் வேண்டியிருந்தது.

நாம் வேலியில் விட்டதை வெள்ளைக்காரர்கள் வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். மலபாரில் டச்சு அதிகாரியாக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களின் அறிவை வாங்கி ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அச்சிட்ட ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் நூலில் காந்தளின் படம் இருக்கிறது. மலையாளத்தில் மேந்தோன்னி. 1690 வாக்கில் அது இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. குளிர் தாங்காது என்று கண்ணாடி வீடு கட்டி, கணப்பு மூட்டி வளர்த்தார்கள். 1753இல் லின்னேயஸ் அதற்குக் குளோரியோசா சுபெர்பா என்று பெயர் வைத்தார்.

ஆப்பிரிக்காவிலும் இது தானாக விளைகிற செடி. ஜிம்பாப்வேயின் தேசிய மலர் இதுதான். அந்த நாடு தெற்கு ரொடீசியா என்ற பெயரில் காலனியாக இருந்தபோது, 1947இல் வந்த இளவரசி எலிசபெத்துக்கு அங்கே பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்துக் காந்தள் வடிவத்தில் வைர புரோச் பரிசளித்தார்கள். 1952இல் தந்தை இறந்த செய்தி கேட்டு லண்டனில் வந்து இறங்கியபோது அவர் உடையில் குத்தியிருந்தது அதைத்தான். இன்றைக்கு ஜப்பானின் கோச்சி மாநிலத்திலும் நெதர்லாந்திலும் இதைக் கொய்மலராகப் பயிர் செய்து கட்டுக்கட்டாக விற்கிறார்கள். அங்கேயெல்லாம் கிழங்கின் விஷம் யாருக்கும் பிரச்சினையாகவே இல்லை. பூச்சாடிக்கு வந்து சேருவது பூ மட்டும்தானே.

நம் வேலியைக் காலி பண்ணியது பூ அல்ல, கிழங்கில் இருக்கிற கோல்ச்சிசின். அதைப் பெல்லெத்தியே, காவந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1820இல் பிரித்தெடுத்தார்கள். கொய்னாவைப் பிரித்ததும் அதே வருஷம் அவர்கள்தான். அவர்களுக்குக் கிடைத்தது ஐரோப்பியச் செடியான கோல்ச்சிக்கத்திலிருந்து. காந்தளும் அதே குடும்பம். மூட்டில் யூரிக் அமிலம் சேர்ந்து வலிக்கிற கவுட் நோய்க்கு அது மருந்து. செல் இரண்டாகப் பிரிவதை அது தடுக்கும். உடம்பில் அதிகமாகப் போனால் கொல்வதும் அதனால்தான். 1937இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீயும் ஏவரியும், கோல்ச்சிசினில் நனைத்த செடிகளில் குரோமோசோம் இரட்டிப்பாவதைக் காட்டினார்கள். விதையில்லாத் தர்பூசணி அந்த வழியில் வந்ததுதான். 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் முதன்முதலில் அச்சேற்றிய குறுந்தொகைக்கு உ.வே.சாமிநாதையர் தம் உரைப்பதிப்பைக் கொண்டுவந்ததும் அதே 1937இல். காந்தளை நட்டவளின் பாட்டும் காந்தளின் விஷத்துக்குப் புது வேலையும் ஒரே வருஷத்தில் வெளிவந்தன என்பதை வகுப்பில் சொல்ல எனக்குப் பிடிக்கும்.

மருந்துக் கம்பெனிகளுக்குக் கோல்ச்சிக்கத்தைவிடக் காந்தள் தோதாகப் பட்டது. வெப்ப நாட்டில் சுலபமாக வளரும், விதையிலும் சத்து அதிகம். கிழங்கு கேட்டு வியாபாரிகள் வந்தார்கள். காட்டுக் கிழங்கும் வேலிக் கிழங்கும் சாக்கில் ஏறின. கூலிக்குத் தோண்டுகிறவர்கள் எடைக்குத்தான் காசு வாங்குவார்கள். மறு வருஷத்துக்கு நுனி முளையை விட்டுவைக்க அவர்களுக்கு என்ன அவசியம்? பிறகு பயிராகவே போட ஆரம்பித்தார்கள். அந்தப் பயிருக்கான விதைக்கிழங்கும் முதலில் வந்தது காட்டிலிருந்துதான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் பக்கம் கண்வலி வயல் என்று ஒன்று கிடையாது. இப்போது மூலனூர், ஒட்டன்சத்திரம், மார்க்கம்பட்டி, அரவக்குறிச்சி என்று சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கிறது. கிழக்கே ஜெயங்கொண்டம், வேதாரண்யம் பக்கமும் போடுகிறார்கள்.

என் தம்பியும் போட்டிருக்கிறான். ஆடியில் பார் பிடித்து, நுனி உடையாத கிழங்காகப் பார்த்து நடுகிறான். முதலீட்டில் பெரும்பங்கு கிழங்கு வாங்கவே போய்விடும். ஏறுவதற்குக் கம்பி கட்டி, இடையிடையே விராலி மாரையும் கிளுவைப் போத்தையும் ஊன்றியிருக்கிறான். வேலியிலிருந்து கிளுவை போய்விட்டது. வயலுக்குள் கொடிக்கால் போலக் கிளுவை வந்துவிட்டது. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி போட்ட ஒரு புழு இலையைக் கூட்டமாகத் தின்னும். மழை விடாமல் பிடித்தால் இலைக்கருகல். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகல். அவன் தூக்கம் கெடுவது இவற்றால்தான்.

பூக்கிற பருவத்தில் அவன் வயலுக்கு விடிந்ததும் போக வேண்டும். பெண்கள் வரிசையாகக் கம்பிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நிற்பார்கள். காந்தள் பூவில் ஆறு மகரந்தத் தண்டும் சக்கரத்தின் ஆரம் போல நாலாபக்கமும் விரிந்து நிற்கும். சூலகத்திலிருந்து புறப்படுகிற சூல்தண்டு கிளம்பிய இடத்திலேயே சட்டென்று பக்கவாட்டில் மடங்கி, பூவை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் மூன்று சிறு பிளவு. மகரந்தப் பையும் சூல்முடியும் ஒன்றையொன்று தொடவே வாய்ப்பில்லாத அமைப்பு. வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வந்தால் ஓரளவு காய் பிடிக்கும். ஆனால் விதைக்காகப் பயிர் செய்கிறவனுக்கு அது போதாது. அதனால் ஒரு பூவின் மகரந்தப் பையைக் கிள்ளி, இன்னொரு பூவின் சூல்முடியில் மஞ்சள் தூள் ஒட்டுகிற மாதிரி தடவிவிடுகிறார்கள். அன்றைக்கு விரிந்த பூவுக்கு அன்றைக்கே. ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாக. "அக்கா, வெயில் ஏறுனா சூல்முடி காஞ்சு போயிரும், வெரசாப் போகோணும்" என்று தம்பி அவசரப்படுத்துவான். வண்டு மொய்க்காத பூ என்று நக்கீரர் சொன்னாரே, அந்த வண்டு செய்யாத வேலையை இங்கே கூலிக்குப் பெண்கள் செய்கிறார்கள்.

காய் முற்றி, கரும்பச்சை வெளுத்துத் தோல் சுருங்கும்போது பறித்து நிழலில் உலர்த்துவார்கள். மூன்றாக வெடித்தால் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் விதை வரிசை. அதைப் பிரித்துக் காயவைத்து மூட்டை கட்டினால் வியாபாரி வருவான். விலை அவன் சொல்வதுதான். கிலோ சில நூறு ரூபாய்க்கு விழுந்த வருஷமும் உண்டு, ஆயிரங்களில் ஏறிய வருஷமும் உண்டு. உள்ளூரில் இதைத் தின்ன முடியாது, எண்ணெய் ஆட்ட முடியாது. வாங்குகிற ஒரு சிலர் கைவிட்டால் மூட்டை வீட்டில்தான் கிடக்கும். அரசே கொள்முதல் செய்ய வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விதையின் பெரும்பங்கு சாறு இறக்கும் ஆலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. முதுகுப் பிடிப்புக்கு டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையின் பின்பக்கம் தயோகோல்ச்சிகோசைடு என்று அச்சிட்டிருந்தது. காந்தள் விதையிலிருந்து எடுக்கிற சரக்கிலிருந்து செய்வது. குனிந்து பூத்தடவுகிற பெண்களுக்கும் முதுகு வலிக்கு அதே மாத்திரையைத்தான் எழுதுகிறார்கள்.

இப்படியாகக் காந்தள் நாட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் வேலியை விட்டுப் போய்விட்டது. முதலில் கிழங்கு போனது. பிறகு வேலியே போனது. கழிக்க ஆள் கிடைப்பதில்லை, கிளுவை இரண்டு முழம் அகலத்துக்கு இடத்தை அடைக்கிறது என்று கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தார்கள். கொறங்காடுகளில் காற்றாலையும் சூரியத் தகடும் வந்தன. தாராபுரம் சாலையோரக் காடெல்லாம் மனையாக அளந்து ஹாலோபிளாக் மதில் எழும்பியது. மதிலில் முடக்கத்தான் ஏறாது. கம்பி வேலிக்குள் கவுதாரி அடை காக்காது. காந்தள் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. பாடப்புத்தகத்தில் படம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்த் தேடுகிற பிள்ளைக்கு எங்கள் ஊரிலேயே வயலைத்தான் காட்ட முடிகிறது. வேலியில் தானாக எழுந்த ஒன்றைக் காட்ட வெகுதூரம் அழைத்துப்போக வேண்டும்.

வீட்டுத் தோட்டத்தில் காட்டுப்பூ வளர்க்கிற ஆசை இப்போது நகரத்தில் பரவுகிறது. நல்ல ஆசை. ஆனால் நம்மிடம் அப்படி ஒரு வழக்கமே இருந்ததில்லை, இதை வெளிநாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சிலர் எழுதுவதைப் படித்தால் சிரிப்பு வருகிறது. நம் வீடுகளில் காட்டுப்பூவுக்கான தோட்டம் எப்போதும் இருந்தது. அது வீட்டின் எல்லையில் இருந்தது. யாரும் விதைக்காத, தண்ணீர் ஊற்றாத, வருஷத்துக்கு ஒருமுறை அரிவாள் மட்டும் பட்ட தோட்டம். கபிலரின் தலைவி செய்ததைப் போல ஆசைப்பட்டு நட்டவர்கள் சிலர். பெரும்பாலானவர்கள் செய்தது அந்தத் தாய் செய்ததைத்தான்: வந்ததைத் தடுக்காமல் இருந்தார்கள். நாம் இழந்தது அந்தத் தடுக்காத பழக்கத்தை.

காந்தளை வைக்க விரும்புகிறவர்களுக்கு என் தம்பியின் யோசனையும் என் யோசனையும் சேர்த்துச் சொல்கிறேன். கிழங்கைப் பயிர் செய்கிற விவசாயியிடம் வாங்குங்கள். மலையிலிருந்து கொண்டுவந்தேன் என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது திருட்டுக்குத் துணைபோவது. இரண்டு கை நுனியும் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் தேங்காத மண்ணில் கிடைவாட்டில் வைத்து மூடுங்கள். கால் நிழலிலும் தலை வெயிலிலும் இருக்கட்டும். ஏறுவதற்கு ஒரு கொம்பு கொடுங்கள். கொடி காய்ந்ததும் செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். விதை போட்டால் பூப் பார்க்க மூன்று நான்கு வருஷம் பொறுக்க வேண்டும். கையுறை இல்லாமல் கிழங்கைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சேனை, சர்க்கரைவள்ளியோடு அதை ஒரே கூடையில் வைக்காதீர்கள். தவழுகிற குழந்தையும் அவிழ்த்துவிட்ட ஆடும் இருக்கிற வீட்டில் அது வேண்டாம்.

புதிதாக வீடு கட்டி நாலு பக்கமும் மதில் எழுப்பப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று பக்கம் எழுப்புங்கள். பின்பக்கம் ஒன்றையாவது கிளுவைக்கும் நொச்சிக்கும் விடுங்கள். போத்து நட்டுவிட்டு இரண்டு மழைக்காலம் பொறுத்திருங்கள். பிரண்டையும் கோவையும் குருவி கொண்டுவரும். காந்தளை மட்டும் நீங்கள் வாங்கி வைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அதைக் கொண்டுவருவதற்கு அக்கம்பக்கத்தில் இப்போது ஒன்றும் மிச்சமில்லை.